வரிச்சி வைத்த ஒரு பிடி

புளியமரத்தடியில் நரியும் வரிச்சி என்ற அணிலும் எதிரெதிரே உட்கார்ந்து சூது ஆடிக்கொண்டிருந்தன.

ஆட்டம் எளிதுதான். ஆளுக்கொரு புளியம்பழம். ஓட்டை உடைத்து எத்தனை முத்து என்று அவரவர் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். பிறகு வேர்க்கடலையைப் பந்தயம் வைக்க வேண்டும். அளவு கிடையாது. முன்னால் இருப்பது முழுவதையும்கூட வைக்கலாம். எதிராளி அதைவிடக் கூட்டியும் வைக்கலாம்; ஈடு வைத்தால் பழங்களைக் காட்ட வேண்டும். முத்து அதிகமுள்ளவருக்கே வெற்றி. துணிவில்லாதவர் பழத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம்; அதுவரை வைத்தது எதிராளிக்குப் போகும்.

வரிச்சி கொண்டுவந்தது மழைக்காலத்துக்காகக் குட்டிகளுக்குச் சேர்த்த கடலை. இரட்டிப்பாக்கிவிடலாம் என்று நப்பாசை. அதில் பாதி இப்போது நரியின் பக்கம் கிடந்தது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் வரிச்சி அழாத குறையாகப் புலம்பியது. "எனக்கு ராசியே இல்ல. நல்ல பழம் வந்தாலும் ஒண்ணும் தேற மாட்டேங்குது."

புதரிலிருந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கௌதாரி சொன்னது: "ராசியைத் திட்டாதேடி. முத்து நிறைய இருந்தா குவியலாத் தள்றே. நரி உடனே ஒதுங்கிடுது. சுமாரா இருந்தா ஒரு பிடி வைக்கிறே. அது கூட்டிவச்சு உன்னை விரட்டிடுது. நீயே பழத்தை உரிச்சுக் காட்டினா அது ஏன் பார்க்காது?"

"என்னைக் குறை சொல்லத்தான் வந்தியா?" வரிச்சி வாலைச் சிலிர்த்துக்கொண்டு திரும்பி நடந்தது. நடக்க நடக்கக் கோபம் இறங்கியது. கௌதாரி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அடுத்த பழத்தை வரிச்சி உடைத்துப் பார்த்தது. ஒன்பது முத்து! எல்லாவற்றையும் தள்ளச் சொல்லிக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டது. சுமாரான பழத்துக்கு வைப்பதுபோல ஒரு பிடி மட்டும் வைத்தது.

நரிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. "ஒரு பிடிதானா?" என்று தன் குவியல் முழுவதையும் முன்னால் தள்ளியது. "குட்டிங்க பட்டினி கிடக்கும், பழத்தைப் போட்டுட்டுப் போ."

குட்டிகள் என்றதும் வரிச்சி தன் முன்னால் மிஞ்சியிருந்த கடலையைப் பார்த்தது. தோற்றால் பொந்தில் ஒரு கடலை மிஞ்சாது. ஆனாலும் மீதி அத்தனையையும் வைத்தது.

"இருக்கிறது இவ்வளவுதான். இதுக்கு ஈடா ஆடுவோம். காட்டுங்க நரியண்ணே."

நரியின் பழத்தில் மூன்றே முத்து. வரிச்சியின் பழத்தைப் பார்த்ததும் அதன் காது தொங்கிப்போனது.

வைத்ததும் வந்தது, இழந்த பாதியும் வந்தது. "இன்னும் ஒரே ஆட்டம்!" என்று நரி கெஞ்சியது.

"போதும் அண்ணே. குட்டிங்க காத்துக்கிட்டிருக்கும்."

போகிற வழியில் வரிச்சி புதரருகே நின்று, பருத்த கடலையாகப் பொறுக்கிக் கௌதாரியின் முன்னால் வைத்தது.

"உன்மேல கோபப்பட்டுட்டேன் அக்கா, மனசுல வச்சுக்காதே. நீ சொல்லலேன்னா இந்த மழைக்கு என் பிள்ளைங்களுக்கு வாய்க்கு ஒண்ணும் இருந்திருக்காது. உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்."

கௌதாரி வெட்கப்படாமல் ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றது. முதல் துளி விழுவதற்குள் வரிச்சி பொந்துக்குப் போய்விட்டது.

நம் குறையை முகத்துக்கு நேரே சொல்பவரைக் கோபிக்காமல் நன்றியோடு கேட்டு, கையிலுள்ள பலத்தை வெளிக்காட்டாமல் அளந்து வைத்து, மீண்டது போதுமென்று எழுந்து போகிறவரே பிழைப்பார்.