அடுத்த வீட்டுச் சாவி

ஊரும் அரசாங்கமும் சேர்ந்து கண்மாயைத் தூர்வாரும் திட்டம் அது. ஊர்ப் பெண்கள் கூடியிருந்த இடத்தில், ஒரே ஆபீஸின் இரண்டு அதிகாரிகள் ஆளுக்கொரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

"ஒருத்தரையொருத்தர் நம்புறீங்கன்னு இப்பவே ஆதாரம் காட்டுங்க. இல்லேன்னா கையெழுத்துப் போட மாட்டோம்," என்றார் மூத்தவர்.

ஆடு மேய்க்கும் வெள்ளத்தாய் எழுந்தாள். முதியோர் வகுப்பில் போன மாதம்தான் எழுதப் படிக்கக் கற்றவள். "இடுப்புல இருக்கிற சாவியை எல்லாரும் எடுத்துக் காட்டுங்கடி!"

எது யார் வீட்டுச் சாவி என்று பெண்களே பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதிகாரி வாங்கிப் படித்தார். பேச்சியிடம் சுடலி வீட்டுச் சாவி. சுடலியிடம் வெள்ளத்தாய் வீட்டுச் சாவி. ஒருத்தியிடமும் சொந்த வீட்டுச் சாவி இல்லை.

"நான் ஆட்டோட போயிட்டா, என் வீட்டுக்குத் தண்ணி பிடிச்சு வைக்கிறது சுடலிதான். அது கிடக்கட்டும் சார், ஒரே ஆபீஸ்ல இருந்து எதுக்கு ரெண்டு ஜீப்பு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இரண்டு கையெழுத்தும் வெள்ளத்தாயின் வகுப்புப் பேனாவிலேயே விழுந்தன.