கைமரக் கணக்கு

"எனக்கு மட்டும் ஏன் பொய்க் கணக்கைச் சொல்லிக் கொடுத்தீங்க, அம்மா?"

பிச்சாண்டி ஆசாரி வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார். உள்ளே வாங்க என்று மெய்யம்மை சொல்லியும் வரவில்லை.

மெய்யம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மலையடிவாரத்துத் தச்சர்கள் எல்லாருக்கும் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஆசாரி படித்ததோ ஒரே ஒரு கணக்கு. கூரையின் கிடைநீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழி, உயரத்தில் பாதியைக் கூட்டு. சரிவாக ஏறும் கைமரத்தின் நீளம் வந்துவிடும்.

அதை வைத்தே காலமெல்லாம் கூரை போட்டார். ஒரு மரம் பிசகியதில்லை.

இப்போது தேரிக்காட்டுப் பக்கம் ஓர் ஊரில் சாவடி கட்டக் கூப்பிட்டார்கள். பேய்க்காற்று வீசும் ஊர், கூரை தாழ்வாகவே இருக்கட்டும் என்றார்கள். கணக்குப்படி மரத்தையெல்லாம் அறுத்து மேலே ஏற்றினால், ஒன்றுகூட எட்டவில்லை!

அறுத்து மிஞ்சும் துண்டு ஆசாரிக்கு என்பது வழக்கம். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? தேக்குத் துண்டுக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே குட்டையாக அறுத்துவிட்டான், திருட்டுப் பயல் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். நரைத்த தலையோடு இதைக் கேட்கவேண்டி வந்ததே என்று ஆசாரிக்கு நெஞ்சு கொதித்தது.

"உங்க தங்கச்சி மகன் நல்லபெருமாளும் பக்கத்து ஊர்ல தாழ்ந்த கூரைதான் போட்டான். அவனுக்கு மட்டும் எப்படிச் சேர்ந்துச்சு? சொந்தக்காரனுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கா?"

மெய்யம்மை உள்ளே போனார். ஒரு கயிற்றை எடுத்து வந்து முற்றத்தில் நீட்டிப் போட்டார்.

"அளந்து பாருங்க."

கயிற்றிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று ஆசாரி இழுத்துப் பார்த்தார். பிறகு தம் கையாலேயே முழம் போட்டார்.

"எட்டு."

"உயரம்?"

"தரையில கிடக்குற கயித்துக்கு ஏதும்மா உயரம்?"

"சரி, நம்ம கணக்கைப் போடுங்க."

"எட்டுல ஒரு பங்கு போனா ஏழு. உயரம் இல்லை, கூட்ட ஒண்ணுமில்லை. ஏழு."

சொன்னவர் கயிற்றைப் பார்த்தார். அது எட்டு முழத்துக்கும் கிடந்தது.

"அடப் பாவமே! அப்போ பொய்தானே?"

"மலையடிவாரத்துல நீங்க போட்ட கூரையெல்லாம் பொய்யிலயா நிக்குது?"

ஆசாரி யோசித்துப் பார்த்தார். மலையடிவாரத்தில் அடைமழை. அதனால் எல்லாக் கூரையும் எட்டுக்கு ஆறு உயரம்; ஏழும் மூன்றும் பத்து, கைமரமும் சரியாகப் பத்து. அந்தச் சரிவைத் தவிர வேறு சரிவில் அவர் கூரை போட்டதே இல்லை.

இருந்தும் சந்தேகம் விடுவேனா என்றது.

"அப்போ நல்லபெருமாளுக்கு?"

"அவனுக்கும் இதையேதான் சொன்னேன். மறுநாளே இதே கயித்தோட வந்து வாசல்ல நின்னு, எட்டு முழக் கயிறு கணக்குல ஏழாகுதேன்னு என்னை ஒரு பிடி பிடிச்சான்."

ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தக் கயித்தைக் கொண்டுபோய் ஊர்க்காரங்க முன்னால போட்டுக் காட்டுங்க. நீங்க திருடலைன்னு தெரிஞ்சுக்குவாங்க. மடையன்னு சொல்லுவாங்க, சொல்லட்டும்."

ஆசாரி கயிற்றைச் சுருட்டினார்.

"தாழ்ந்த கூரைக்கு வேற கணக்கு இருக்கு. சொல்றேன், கேட்டுக்குங்க" என்றார் மெய்யம்மை.

ஆசாரி சுருட்டிய கயிற்றை மறுபடியும் தரையில் விரித்தார்.

"அது எங்கே பொய் சொல்லும்? அதை முதல்ல சொல்லுங்க."