அழிக்கும் பட்டன்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று எப்போதும் குழம்புவேன். கொஞ்சம் மாற்றிச் சொன்னாலும் பழி ஜோஸ்பின் மேல் போய்விடும். இல்லாவிட்டால் மாஸ்டர் எனக்குப் பொறி வைத்ததுபோல் ஆகிவிடும். இரண்டும் இல்லை. செய்தவள் நான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பர்வீன் மாஸ்டரின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பெண்களுக்கு வகுப்பு நடக்கும். சொந்தக் காரை வீட்டு வாசலிலேயே வைத்துப் பழுது பார்க்கச் சொல்லித் தருவார். ஏழு பேர் போகிறோம். மாஸ்டருக்கு முப்பத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்தொன்பது. நான் அவரை மாஸ்டர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன் வண்டியைத் தானே பார்க்கக் கூடாது. ஒருத்தி வண்டியை இன்னொருத்திதான் பார்க்க வேண்டும். பார்த்தவள் என்ன குறை என்று சிலேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தன் வண்டி என்றால் காது தனக்குப் பிடித்ததைத்தான் கேட்கும் என்பார் மாஸ்டர்.

அந்த வகுப்பில் எனக்கு ஒரு இடம் இருந்தது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பேரிங் போய்விட்டதா என்று சத்தத்தை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புதிதாக யார் வந்தாலும், முதலில் தில்லையக்கா காதிடம் கேளுங்கள் என்று மாஸ்டரே சொல்லுவார். இரண்டு வருடம் அப்படி இருந்தது.

பிறகு ஜோஸ்பின் ஒரு ஸ்கேனரோடு வந்தாள்.

காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால், வண்டி தனக்கு என்ன கோளாறு என்று ஓர் எழுத்தும் நான்கு எண்ணுமாகச் சொல்லும். அதைக் கோடு என்போம். வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன ஸ்கேனர் உண்டு. சோப்புக்கட்டி அளவு. எஞ்சின் கோளாறை மட்டும் சொல்லும். ஜோஸ்பின் கொண்டுவந்தது சாப்பாட்டுத் தட்டு அகலம். பிரேக், ஏர்பேக், பேட்டரி எல்லாம் வண்ண வண்ணமாகக் காட்டியது.

இதில் சீரியல் தெரியுமா என்று எங்களில் ஒருத்தியான நாச்சி கேட்டாள். தெரியும், ஆனால் வில்லி உன் மாமியார்தான் என்றாள் ஜோஸ்பின். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் அந்தத் திரையின் மேல் குனிந்து அரை மணி நேரம் நின்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று ஒருவரும் என் காதைக் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மாஸ்டரிடம் போனேன். மூன்று விதம் விசாரித்து வைத்திருந்தேன். கட்டைவிரல் அளவில் ஒன்று இருக்கிறது, செருகிவிட்டால் செல்போனில் பார்க்கலாம், ஆனால் மறந்து விட்டுவிட்டால் பேட்டரியைக் குடித்துவிடுமாம். ஒன்று நம் மஞ்சள் மாதிரி வயர் வைத்தது. மூன்றாவது ஜோஸ்பினுடையதைவிடப் பெரியது.

"நான் எதை வாங்கட்டும் மாஸ்டர்?"

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்க வண்டியில இப்ப என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்லை."

"அப்ப ஸ்கேனர் வெச்சு யாரைப் பார்க்கப் போறீங்க?"

கிரீஸ் துணியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்னால் வாங்க முடியாது என்று நினைத்துவிட்டார் என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே போனேன்.

அதற்கு மூன்றாவது ஞாயிறு.

ஜோஸ்பின் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வகுப்பு முடிந்ததும் இருவரும் அப்படியே ஏற்காட்டுக்குப் போவதாக இருந்தது. அங்கே அந்த அம்மாவின் தங்கை படுக்கையில் கிடக்கிறாராம். வரும் வழியில் ஐந்து ரோடு சிக்னலில் வண்டி ஒருமுறை தானாக நின்றுவிட்டது, அப்போதிலிருந்து டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் எரிகிறது என்றாள். கவலைப்பட்ட மாதிரி இல்லை. என் ஸ்கேனர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும், இன்றைக்கு எல்லோரும் பாருங்கள் என்றாள்.

அவள் வண்டியைப் பார்க்கும் முறை அன்று எனக்கு. முதலில் அக்கா சின்னதில் பார்க்கட்டும், அப்புறம் பெரியதில் பார்க்கலாம் என்றார் மாஸ்டர். எல்லோரும் டீ குடிக்கப் பின்பக்கம் போனார்கள்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மஞ்சள் ஸ்கேனரைச் செருகினேன். சாவியைத் திருப்பினேன். கோடு வந்தது.

ஆங்கிலம் எனக்கு வராது. ஆனால் அந்தக் கோடு தெரியும். மாஸ்டர் சுவரில் தமிழில் எழுதி ஒட்டிய பட்டியலில் பதினான்காவது வரி. எஞ்சின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் சென்சார் கெட்டுப்போயிருக்கிறது. அது வாய் மூடிக்கொண்டால் ஓடுகிற வண்டி ஓடுகிறபடியே அணைந்துவிடும். ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்தால் அப்புறம் கல் மாதிரி ஆகிவிடும்.

ஸ்கேனரின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அதை அழுத்தினால் கோடு அழிந்துவிடும், விளக்கும் அணைந்துவிடும். கோளாறு அப்படியேதான் இருக்கும். பழுது பார்த்து முடித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். இது முதல் நாள் பாடம்.

அழுத்தினேன்.

நிச்சயமாகத்தானா என்று அது ஒருமுறை கேட்கும். கேட்டது. மறுபடியும் அழுத்தினேன்.

எல்லோர் முன்னாலும் அவள் தட்டு வெறுந்தட்டாக நிற்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஏற்காட்டு மலையும் அதன் வளைவுகளும் அப்போது நினைவில் இல்லை.

இல்லை, இது பொய். நினைவில் இருந்தது. கொஞ்சம் அந்தப்பக்கம் தள்ளி வைத்தேன்.

சிலேட்டில் 'குறை இல்லை' என்று எழுதினேன். கீழே 'தில்லையம்மாள்' என்று கையெழுத்துப் போட்டேன்.

எல்லோரும் வந்தார்கள். ஜோஸ்பின் தன் ஸ்கேனரை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, செருகினாள். திரை முழுக்கப் பச்சையாக வந்தது. ஒரு கோளாறும் இல்லை. எஞ்சினை எழுப்பிப் பார்த்தாள். விளக்கும் எரியவில்லை. காலையில் எரிந்ததே, நின்றதே என்று அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். இதற்கு சீரியலே பார்த்திருக்கலாம் என்றாள் நாச்சி. எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவள் நான்தான். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஜோஸ்பின் கையிலிருந்து ஸ்கேனரை வாங்கி, விரலால் இரண்டு மூன்று பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சிலேட்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வண்டிக்கு முன்பக்கம் போனார்.

ஜோஸ்பின் முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனாலும் நல்லதாகப் போயிற்று, ஒன்றும் இல்லை என்றால் கிளம்பலாம் என்றாள். அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்து முன் சீட்டில் உட்கார வைத்தாள். வயர்கூடையில் தங்கைக்கென்று அதிரசம் சுட்டு எடுத்து வந்திருந்தார் அந்த அம்மா. கண்ணாடியை இறக்கி, காகிதத்தில் இரண்டு அதிரசம் மடித்து என்னிடம் நீட்டினார்.

"வண்டியை நீதான் பாத்தியா கண்ணு?"

"ஆமாம்மா."

"மலை ஏறிடுமில்ல?"

கேட்டுக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்க நினைக்கவில்லை. காது தானாகவே கேட்டது. சீராக ஓடி ஓடி, நடுவில் ஒரு விக்கல். மறுபடி சீராக, மறுபடி ஒரு விக்கல்.

நான் பதில் சொல்லவில்லை. அந்த அம்மா அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு கையை விட்டார். கண்ணாடி மேலே ஏறியது. ஜோஸ்பின் கியரைப் போட்டாள்.

நான் ஓடிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். அதிரசம் கீழே விழுந்துவிட்டது.

"இறங்கு ஜோஸ்பின்."

அவள் தலையை வெளியே நீட்டினாள். "என்னக்கா?"

"கோடு இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

ஜோஸ்பின் வண்டியை அணைத்துவிட்டு மெதுவாக இறங்கினாள். திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் வந்து, சின்னக் குரலில் சொன்னாள்:

"எங்கம்மா உள்ள உக்காந்திருக்காங்க அக்கா."

நான் தலை குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னால் மரக்கட்டை இருந்தது. நான் குறுக்கே நிற்காவிட்டாலும் வண்டி நகர்ந்திருக்காது.

மாஸ்டர் சிலேட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ஈரத்துணியால் துடைத்தேன். சென்சாரின் பெயரை எழுதினேன். கீழே என்ன செய்தேன் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வகுப்பு முடியும் வரை அது ஆணியில் தொங்கியது.

அந்த அம்மாவை மாஸ்டர் தன் காரிலேயே ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனார். மறுநாள் சென்சாரை மாற்றினோம். நான் வண்டிக்கு அடியில் படுத்து மாற்றினேன். ஜோஸ்பின் டார்ச் பிடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வெளிச்சம் வேண்டிய இடத்தில் இருந்தது.

அவள் போன பிறகு மாஸ்டரிடம் கேட்டேன்.

"கட்டையை எப்ப வெச்சீங்க?"

"நீங்க சிரிச்சப்ப."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்கேனரில் ஒரு பக்கம் உண்டு என்றார். கடைசியாகக் கோடு அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அதில் இருக்கும். சின்ன ஸ்கேனரிலும் இருக்கிறது, நான்தான் பார்த்ததில்லை. ஜோஸ்பின் வண்டியில் அன்று அது சைபர் காட்டியிருக்கிறது.

"அழிச்சதையும் வண்டி எழுதி வெச்சுக்கும் அக்கா."

"அப்பவே எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"சிலேட்டுல இருந்தது உங்க கையெழுத்தாச்சே. நீங்கதானே மாத்தணும்."

மூன்று ஞாயிறு நான் வகுப்புக்குப் போகவில்லை. நான்காவது ஞாயிறு போனேன். ஜோஸ்பின் அந்தப் பெரிய ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் பழைய எரிச்சல் அப்படியே வந்தது. போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. பயந்துபோய், எல்லோருக்கும் முன்னாலேயே மாஸ்டரிடம் போய்ப் பழைய கேள்வியைக் கேட்டேன்.

"நான் எந்த ஸ்கேனர் வாங்கட்டும் மாஸ்டர்?"

இந்தமுறை அவர் யோசித்தார்.

"அழிக்கிற பட்டன் இல்லாததா பாத்து வாங்குங்க அக்கா."

அந்த வாரம் நான்கு கடை ஏறி இறங்கினேன். கட்டைவிரல் அளவு, சோப்பு அளவு, தட்டு அளவு எல்லாம் எடுத்துப் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் அது இருந்தது. அழிக்க முடியாத ஸ்கேனரை யாரம்மா வாங்குவார்கள் என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். திரும்பி வந்து மாஸ்டரிடம் சொன்னேன்.

"அப்படி ஒண்ணு எங்கயுமே இல்லை மாஸ்டர்."

"தெரியும்க்கா" என்றார்.

பிறகு போய், இருப்பதிலேயே சின்னதாக, வகுப்பில் இருக்கிற மாதிரியே மஞ்சளில் ஒன்று வாங்கினேன். கூடவே ஒரு சுருள் கறுப்பு இன்சுலேஷன் டேப். இரண்டையும் ஜோஸ்பின் முன்னால் வைத்தேன். அவள் சிவப்புப் பட்டனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பட்டன் மறைய மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தாள். டேப்பின் ஓரம் முடிகிற இடத்தில், பிரித்தால் தெரிகிற மாதிரி, பாதி டேப்பிலும் பாதி மஞ்சளிலும் படும்படி வெள்ளைப் பேனாவால் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

போட்டாள்.