கை தட்டும் இடம்

சதானந்தம் அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. அவருடைய குரு தையல்நாயகி அம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார்.

சதானந்தத்துக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது மனைவி மரகதம் ஒரு வேண்டுதல் வைத்தார். பார்வை திரும்பினால், பழைய தலைநகரில் இருக்கும் சிவனுக்கு இருவரும் நேரில் போய் நன்றி சொல்வதாக. பார்வை திரும்பியது. கிளம்புவதற்குள் மரகதம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கோயிலை இருவருமே பார்த்ததில்லை.

அடுத்த தையில் குருவோடு போனார் சதானந்தம். ஊருக்குள் நுழையும்போதே வரப்போரத்தில் தலையில்லாத புத்தர் உட்கார்ந்திருந்தார். குன்றின்மேல் சமண முனிவர்களின் கல்படுக்கைகளில் ஆடுகள் படுத்திருந்தன. சதானந்தம் எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தார். பார்க்க முடிகிறதே என்று பார்த்தார்.

சிவன் கோயிலுக்குக் கூரை இல்லை. கருவறையில் லிங்கம் இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. அவர் கற்பூரத்தை எடுத்ததும் காவலாளி வந்துவிட்டார்.

"இங்கே நெருப்பு வைக்கக் கூடாதுங்க. சாமியே இல்லை, யாருக்குக் காட்டப் போறீங்க?"

சதானந்தம் குருவிடம் திரும்பினார்.

"யாரும் இல்லாத இடத்தில் நன்றியை யாரிடம் சொல்வது, அம்மா?"

குரு பிராகாரத்தைச் சுற்றத் தொடங்கினார். சீடர் பின்தங்கி வந்தார்.

வடக்கே சண்டிகேசர் சன்னதி. அதிலும் மாடம் மட்டுமே மிச்சம். சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று சண்டிகேசரிடம் கையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போவது வழக்கம். வெறும் மாடத்தின் முன் குரு மெல்லத் தட்டினார். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். ஒதுங்கி வழிவிட்டார்.

சதானந்தம் கைகளைத் தூக்கினார். அவை அப்படியே நின்றன.

சற்றுப் பொறுத்து, தோள்பையிலிருந்து ஒரு கல்துண்டை எடுத்தார். தாமரை இதழ் ஒன்று செதுக்கிய துண்டு.

"மரகதம் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று எடுத்தேன், அம்மா. வெறுங்கையோடு போய் அவளிடம் என்ன சொல்வேன்?"

குரு கோபித்துக்கொள்ளவில்லை. எங்கே கிடந்தது என்று மட்டும் கேட்டார்.

சதானந்தம் திரும்பிப் போனார். புல்லில் கல் கிடந்த தடம் ஈரமாக இருந்தது. அதிலேயே பொருத்தி வைத்தார். வந்து மாடத்தின் முன் கை தட்டினார். விரல்களில் மண் ஒட்டியிருந்தது.

"நீங்கள் எடுத்ததைக் காவலாளி பார்த்தாரா?" என்று கேட்டார் குரு.

"இல்லை, அம்மா."

"நானும் பார்க்கவில்லை. பிறகு யார் முன்னால் கை தட்ட முடியாமல் நின்றீர்கள்?"

சதானந்தம் மாடத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"அவரிடம் நன்றியைச் சொல்லுங்கள், ஐயா. மரகதம் அம்மாவுக்கும் சேர்த்து."