வெட்டாங்குளம் டீமை அஸ்திவாரத்திலிருந்து கட்டிய கதை

வெட்டாங்குளம் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், எந்த ஊரில் நின்றுகொண்டிருந்தாலும் தங்கள் காலடியைக் காட்டி, "இங்கதான்" என்பார்கள். அந்த ஊருக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. டீமுக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. மன்றத்தின் செயலாளர் டெய்லர் சொரிமுத்து.

அந்த வருஷம் தாலுகா போட்டியில் வெட்டாங்குளம் பதினொரு ஆட்டம் ஆடி, பதினொன்றிலும் தோற்றிருந்தது. போட்டது ஒரே ஒரு கோல். அதுவும் தங்கள் கோலுக்குள்ளேயே. அதற்கே மன்றத்தார் பட்டாசு வெடித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது பனையடிப்பட்டியோடு ஓர் ஆட்டம். அதிலும் தோற்றால் போட்டியிலிருந்தே தூக்கிவிடுவோம், அடுத்த வருஷம் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட மட்டும் வரலாம் என்று தாலுகாச் சங்கம் கடிதம் அனுப்பியிருந்தது.

சொரிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. பதினொரு பேர் சட்டையும் அவர் தைத்தது. அது போதாதென்று, பனையடிப்பட்டி கேப்டன் மாடக்கண் அவருடைய மனைவி ஆவுடைத்தாயின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, "அத்தான், இந்த வாரம் எத்தனை வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் நாலு தோசை கூடுதலாகச் சாப்பிட்டுப் போவான்.

மன்றக் கூட்டம் தலைவர் ஞானதிரவியத்தின் மாவு மில்லில் கூடியது. மில் ஓடிக்கொண்டிருந்ததால் முதல் அரை மணி நேரம் யார் பேசியதும் யார் காதிலும் விழவில்லை. எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. மில்லை நிறுத்திய பிறகுதான் கருத்து வேறுபாடு வந்தது.

"நமக்கு ஒரு நல்ல கோச் இல்ல. அதான் குறை" என்றார் சொரிமுத்து.

"கோச் எங்கவே கிடைக்கும்?" என்று கேட்டார் கொத்தனார் இசக்கிப்பாண்டி.

"ரயில்வே ஸ்டேஷன்ல" என்றார் பெயிண்டர் பவுல்துரை. "போர்டு எழுதப் போனப்ப என் கண்ணால பாத்தேன். வரிசையா பதினெட்டு நின்னுச்சு."

"அதுக்கு முன்னால பழைய கோச்சை நீக்கணும்" என்றார் ஞானதிரவியம்.

"நமக்குத்தான் பழைய கோச்சே கிடையாதே, அண்ணாச்சி."

"இல்லங்கிறதுக்காக நீக்காம விட முடியுமாவே? முறைன்னு ஒண்ணு இருக்கு."

அதுவும் நியாயம்தான். இல்லாத கோச்சை நீக்கினார்கள். இத்தனை வருஷம் தொந்தரவு தராமல் இருந்தவர் என்று ஒரு மாலையும் வாங்கினார்கள். போட்டுக்கொள்ள ஆள் இல்லாததால் ஞானதிரவியமே போட்டுக்கொண்டார்.

மாலையும் கழுத்துமாக அவரும் சொரிமுத்துவும் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"நல்ல கோச் ஒண்ணு வேணும்" என்றார் சொரிமுத்து.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டார் கவுண்டர்காரர்.

"வெட்டாங்குளத்துக்கு."

"அங்க ரயிலே போகாதே."

"ரயில் வேண்டாங்க. கோச் மட்டும் போதும்."

கவுண்டர்காரர் மாலையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "கடைசிக் கோச்சுல போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்.

கடைசிப் பெட்டியின் ஜன்னலோரம் ஒரு பெரியவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, கடைசிக் கோச்சா?" என்று கேட்டார் சொரிமுத்து. பெட்டியைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமா, இதுதான்" என்றார் அவர். சொரிமுத்து அந்த இடத்திலேயே கண் கலங்கி, பதினொரு தோல்வியையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அதிர்ஷ்டம் பாருங்கள், அந்தப் பெரியவர் முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்து கால்பந்து கற்றுக்கொடுத்தவர். மனசு கேட்காமல் புத்தி சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. இருவரும் கூடவே ஓடினார்கள்.

"டீமை அஸ்திவாரத்துலேர்ந்து கட்டுங்க" என்றார் மாஸ்டர். "எப்பவும் பந்து மேல கண்ணு இருக்கணும். நடுவுல நின்னு பந்தை நாலு பேருக்கும் அளவாப் பரிமாற ஒரு ஆளைப் போடுங்க. ஆனா எக்காரணம் கொண்டும்..."

அதோடு ரயில் கூவிவிட்டது. மிச்சம் காற்றோடு போயிற்று.

ஊர் திரும்பியதும் அந்தக் கடைசி வார்த்தையை வைத்து ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

"எக்காரணம் கொண்டும்னு சொன்னாருன்னா, காரணத்தோட எதையும் செய்யக் கூடாதுன்னுதான் அர்த்தம்" என்றார் பவுல்துரை.

"காரணமில்லாமச் செஞ்சா?"

"அதைத் தடுக்கலியே."

எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. அதுவரை அவர்கள் காரணத்தோடு எதையும் செய்ததில்லை.

மறுநாளே இசக்கிப்பாண்டி நூல் பிடித்து, தங்கள் கோல் கம்பத்துக்கு முன்னால் நாலடி ஆழத்துக்கு அஸ்திவாரப் பள்ளம் தோண்டினார். நவதானியம் போட்டுப் பூஜையும் நடந்தது. கோல்கீப்பரை உள்ளே நிறுத்தி முழங்கால் வரை பூசிவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. "ஆளை வச்சுப் பூசினா பின்னால வெடிப்பு விடும்" என்று இசக்கிப்பாண்டி மறுத்துவிட்டார். ஒரு மழை பெய்து மண் இறங்கட்டும் என்று பள்ளத்தை அப்படியே விட்டார்கள்.

பவுல்துரை பந்தின் மேல் இரண்டு கண் வரைந்தார். இமை, புருவம் எல்லாம் வைத்து, சின்னதாக மையும் தீட்டினார். அன்று சாயங்காலம் பயிற்சிக்கு வந்த பையன்கள் பந்தைச் சுற்றி நின்றார்களே தவிர ஒருத்தனும் உதைக்கவில்லை.

"பாக்குதுண்ணே" என்றான் ஒருவன்.

"அப்ப மூடின கண்ணா வரைஞ்சிருதேன்" என்றார் பவுல்துரை.

"தூங்குறதை எத்துறது அதைவிடப் பாவம்" என்றார் சொரிமுத்து. கடைசியில், பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதன் பிறகு உதைக்கலாம் என்று முடிவாயிற்று.

நடுவில் நிற்கிற ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பஸ் கண்டக்டரைப் போடலாம், யார் எங்கே இறங்குவான் என்று அவருக்குத் தெரியும் என்றார் இசக்கிப்பாண்டி. டிராபிக் போலீஸ்காரரைப் போடலாம், நாற்சந்தியில் நின்று பழகியவர் என்றார் ஞானதிரவியம். சொரிமுத்து எழுந்து தொண்டையைச் செருமினார்.

"மாஸ்டர் பரிமாறணும்னாரு. நம்ம பால்வண்ணத்தை விட்டா பரிமாற ஆளு யாரு இருக்கா?"

பால்வண்ணம் சுற்றுவட்டாரத்துக் கல்யாண வீடுகளில் சாம்பார் வாளி தூக்குகிறவர். ஆயிரம் இலைக்கு நடுவே ஒரு சொட்டுச் சிந்தாமல் ஓடுவார். மறுபேச்சே எழவில்லை. சொரிமுத்து அன்றே அவருக்குச் சட்டை தைத்தார். வேலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று இடுப்பில் துண்டு சொருக ஒரு பட்டியும் வைத்தார்.

ஆட்ட நாள் வந்தது. விசில் ஊதியதும் பந்து பால்வண்ணத்தின் காலுக்கு வந்தது. அவர் பந்தைத் தொட்டுக் கும்பிட்டு, தன் ஆளுக்கு ஒன்று விட்டார். அடுத்த தடவை பனையடிப்பட்டி ஆளுக்கு விட்டார். பிறகு மறுபடியும் தன் ஆளுக்கு. போகிற போக்கில் எல்லோரிடமும், "போதுமா? கொஞ்சம் விடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டார்.

"யோவ், அவன் எதிராளிவே" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார் சொரிமுத்து.

"பந்தியில உக்காந்த பிறகு மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடுன்னு பாக்கப்படாது அண்ணாச்சி" என்றார் பால்வண்ணம். மாடக்கண்ணுக்கு இரண்டாவது தடவையும் விட்டார்.

மாடக்கண் பந்தை வாங்கிக்கொண்டு கோலைப் பார்த்து ஓடினான். பந்து பள்ளத்தில் விழுந்தது. பின்னாலேயே அவனும் விழுந்தான். அவனைத் தூக்கப் போன இரண்டு பேரும் விழுந்தார்கள். அன்று முதல் பாதியில் ஏழு தடவை பந்து பள்ளத்துக்குள் போனது, ஒரு தடவைகூடக் கோலுக்குள் போகவில்லை. இடைவேளையில் கணக்கு பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

வெட்டாங்குளம் சரித்திரத்தில் பாதி ஆட்டம் வரை தோற்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. சொரிமுத்து சோடாவைக் குடிக்க மறந்து பையில் ஊற்றிக்கொண்டார்.

அப்போது ரெஃப்ரி வந்து, "சரி, ரெண்டு டீமும் பக்கம் மாறுங்கப்பா" என்றார்.

மன்றத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பக்கம் மாறணுமாமே" என்றார் சொரிமுத்து, கனத்த குரலில். "இத்தனை வருஷம் இருந்த பக்கம்."

"பெரிய மனுஷன் சொல்லும்போது தட்டப்படாது" என்றார் ஞானதிரவியம்.

வெட்டாங்குளத்து ஆட்கள் பதினொரு பேரும் வரிசையாகப் போய்ப் பனையடிப்பட்டிப் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கோல்கீப்பரும் போய், அவர்கள் கோல்கீப்பருக்கு அருகில் ஒதுங்கி நின்றான். ரெஃப்ரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எதிர் டீமோடு சேர்ந்து ஆடக் கூடாது என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. விசில் ஊதினார்.

இருபத்திரண்டு பேரும் ஒரே திசையில் ஓடினார்கள். எதிரில் காலிக் கோல். அந்தப் பக்கம் பள்ளமும் இல்லை. பால்வண்ணத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எல்லோரும் ஒரே வீட்டு ஆட்கள், வஞ்சகமில்லாமல் பரிமாறினார். ஒன்பது கோல் விழுந்தது. அதில் நாலு வெட்டாங்குளத்துப் பையன்கள் போட்டது. ஒவ்வொன்றுக்கும் சொரிமுத்து மாடக்கண்ணைக் கட்டிப்பிடித்து அழுதார். மாடக்கண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவனும் கொஞ்சம் அழுதான்.

"ஜெயிச்சாச்சா?" என்று வாசலில் கேட்டாள் ஆவுடைத்தாய்.

"ஒன்பதுக்குப் பூஜ்யம்" என்றார் சொரிமுத்து. அன்று அவர் எட்டு தோசை சாப்பிட்டார். ஒன்பதாவதைக் கையில் எடுத்தபோதுதான் மனசை ஏதோ செய்தது. தோற்ற டீமை நினைத்துக்கொண்டார். பாவம், அந்தப் பக்கம் ஒருத்தன்கூட ஆட வரவில்லையே.

மறுநாள் மில்லில் கூடி, தோற்ற ஊருக்கு ஆறுதலாகக் கடிதம் எழுதுவது என்று தீர்மானித்தார்கள். "வெட்டாங்குளம் ரசிகர் மன்றத்தாருக்கு, நீங்கள் மனம் தளர வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்காவது ஆள் அனுப்புங்கள். ஆள் இருந்தால்தான் டீம் நன்றாக ஆடும்" என்று எழுதி, சொரிமுத்து கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தார்.

மூன்றாம் நாள் தபால்காரர் அதை மில்லுக்கே கொண்டுவந்து கொடுத்தார். பவுல்துரை உரக்கப் படித்தார்.

"எவ்வளவு சரியாச் சொல்லியிருக்கான்" என்றார் ஞானதிரவியம். "யாருவே எழுதுனது?"

"சொரிமுத்துன்னு போட்டிருக்கு."

"என் பேருதான்" என்றார் சொரிமுத்து வியப்போடு. "இப்படி விவரமான ஆளு ஒருத்தர் நமக்குக் கோச்சா வாய்ச்சா எப்படி இருக்கும்."

உடனே அந்தச் சொரிமுத்துவை வருந்தி அழைத்து ஒரு கடிதம் எழுதினார்கள். இரண்டு நாள் கழித்து அது டெய்லர் கடைக்கு வந்தது. சொரிமுத்து தையல் மிஷினை நிறுத்திவிட்டு, அதை இரண்டு தடவை படித்தார். தன்னைத் தேடி இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினார்:

"உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் நான் ஏற்கெனவே வெட்டாங்குளம் மன்றத்தில் இருக்கிறேன். அந்த டீமை இந்த நிலைமையில் விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. மன்னிக்கவும்."