குஞ்சை விட்டு விலகாத விரால்

என் பெரிய மகளைப் பெற்றுப் பத்தியத்தில் கிடந்த நாளில், வாசலுக்கு மீன் கொண்டுவந்த சின்னம்மை அக்காள் எனக்கு முதன்முதலில் சொன்ன கதை இது. அவர் சொன்னபடியே சொல்கிறேன், கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால், கோபம் வந்தால் கும்பிட்ட கையையும் வெட்டுகிற ஒரு ராஜா இருந்தான். அவன் கோட்டைக்கு மேற்கே ஒரு சின்ன ஏரி. செம்படவர் தெரு மொத்தத்துக்கும் அந்த ஏரிதான் சோறு போட்டது.

மழை விட்ட ஒரு நாள், அரண்மனை மணியக்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

“மாப்பிள்ளை விருந்துக்கு ராஜாவுக்கு விரால் வேணும். பொழுது சாயறதுக்குள்ள வரலைன்னா, இந்த ஏரி உங்களுக்கு இல்ல!”

ஆண்கள் எல்லாரும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். உலகாயி என்கிற செம்படவப் பெண் தூண்டிலை எடுத்தாள்.

மதகடியில் போட்டாள், கெண்டை வந்தது. மரத்தடியில் போட்டாள், கெளுத்தி வந்தது. கோரை ஓரத்தில் போடக் கையை ஓங்கினாள், ஓங்கிய கை அப்படியே நின்றது.

தண்ணீரின் மேல் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம். அதன் அடியில், கைத்தடிமனில் ஒரு தாய் விரால்.

குஞ்சோடு திரிகிற விராலைப் பிடிப்பதில்லை என்பது அந்தத் தெருவின் கட்டுப்பாடு. தாய் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். உலகாயி தூண்டிலைச் சுருட்டினாள்.

பொழுது சாய்ந்தது. ராஜாவே வந்துவிட்டான்.

மணியக்காரர் அவள் காதோரம் வந்தார். “ஏரியில விராலே இல்லைன்னு சொல்லிடு புள்ள. உன் தலையும் தப்பும், என் தலையும் தப்பும்.”

உலகாயி ராஜா பக்கம் திரும்பினாள். ‘முருகா, நீதான் துணை’ என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

“இருக்குங்க சாமி. குஞ்சோட இருக்கு. பிடிக்க மாட்டேன்.”

“எங்கே இருக்கிறது?” என்றான் ராஜா.

“அதையும் சொல்ல மாட்டேனுங்க.”

மணியக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு பொய் சொல்லத் துப்பில்ல, இவளெல்லாம் மீன் பிடிக்க வந்துட்டா!”

“சொல்லும்வரை தண்ணீரில் நில்” என்றான் ராஜா. தீப்பந்த வெளிச்சத்தில் அவன் கரையிலேயே உட்கார்ந்துகொண்டான்; ஈட்டிக்காரன் ஒருவன் காவலுக்கு நின்றான்.

முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றாள். குளிர் ஏறியது, கால் மரத்தது, உதடு நடுங்கியது. அப்போது கோரைக்குள்ளிருந்து அந்தச் சிவப்புக் கூட்டம் மெல்ல வெளியே வந்தது. ஐயோ, அவள் காலைக் கோரைத் தண்டென்று எண்ணிச் சுற்றிக்கொண்டது! பின்னாலேயே தாயும் வந்தது.

விராலைக் குறிவைத்து ஈட்டி உயர்ந்தது.

உலகாயி சட்டென்று குனிந்து, தன் முதுகால் அவற்றை மறைத்தாள்.

ஒரு துள்ளலில் விரால் தப்பியிருக்கலாம். ஓர் எட்டில் உலகாயி விலகியிருக்கலாம். இரண்டு பேரும் அசையவில்லை.

ராஜா விராலைப் பார்த்தான். அவள் முதுகைப் பார்த்தான். உயர்ந்த ஈட்டியைப் பார்த்தான்.

“இறக்கு” என்றான். “என் படையில் இப்படி நிற்கிறவன் எவன் இருக்கிறான்? ஏரி இவர்களுக்கே. விருந்துக்குக் கோழி அடிக்கச் சொல்.”

தான் தப்பிக்க வழி இருந்தும், தன்னை நம்பிய உயிரை விட்டு விலகாமல் நிற்பதே அறம்.

நீங்கள் ஏரிக்குப் போகும்போது தண்ணீரின் மேல் அப்படிச் சிவப்பாகக் கண்டால், தூண்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.