மூன்றாவது அறை

வற்றிப்போன குளத்தின் கரையில் நெல்லி என்றோர் எலி வளை தோண்டிக் குடியிருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. மழை வரும்வரை அதைப் பட்டினி போடாமல் காப்பாற்ற வேண்டுமே என்று ஓயாத கவலை.

அந்தக் கரையில் ஒரு காட்டுப்பன்றி திரிந்தது. வளை வளையாகப் போய், "கிழங்கைக் கொடு! இல்லையென்றால் தொலைந்தாய்!" என்று மிரட்டும்.

நெல்லி யோசித்தாள். வாசலை ஒட்டிய அறையில் கொஞ்சம் சொத்தைக் கிழங்கைப் போட்டாள். நல்ல கோரைக்கிழங்கையெல்லாம் உள்ளே வேறோர் அறையில் வைத்து, அதன் வாயை ஈரமண்ணால் அடைத்து, வாலால் நீவி மெழுகினாள். அதோடு விட்டாளா? அறையே இல்லாத சுவர்களையும் அதே மாதிரி மெழுகினாள். எது வாசல், எது வெறும் சுவர் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பன்றி வந்தது.

"என் குட்டிமேல் ஆணை, இவ்வளவுதான் ஐயா!" என்றாள் நெல்லி.

பன்றி சொத்தையைத் தின்று, "தூ! தரித்திரம்!" என்று துப்பிவிட்டுப் போனது.

நெல்லிக்குச் சந்தோஷம் தாளவில்லை. பக்கத்து வளைச் சுண்டனைக் கூப்பிட்டாள். "தம்பி, வாசல் எது? கண்டுபிடி பார்க்கலாம்!"

சுண்டன் மூக்கால் தடவித் தடவித் தோற்றான். "அக்கா, நீ பொல்லாதவள்!" என்று சிரித்தான். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். நான்கே நாளில் கரையிலுள்ள வளைச் சுவர்களெல்லாம் வழவழவென்று ஆயின. பன்றிக்கும் செய்தி எட்டியது.

மறுபடி அது வந்தபோது, நெல்லியின் குட்டி வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பன்றி அதைக் குளம்பால் அமுக்கியது.

"உங்களுக்கெல்லாம் இரண்டு அறையாமே! திற!"

நெல்லி பதறிப்போய் மண்ணைப் பிறாண்டித் திறந்தாள். கிழங்கு முழுவதையும் உருட்டிக் கொட்டினாள். பன்றி ஒன்று விடாமல் தின்றது. காலை மட்டும் எடுக்கவில்லை.

"மூன்றாவது அறை எங்கே?"

"இல்லை ஐயா! என் குட்டிமேல் ஆணை!"

"அன்றைக்கும் இதே ஆணைதான் இட்டாய்! இந்தச் சுவரும் மெழுகியிருக்கிறதே!"

"அது வெறும் சுவர்!"

"வெறும் சுவரை எவள் மெழுகுவாள்?"

நெல்லி நகம் பெயரப் பெயரத் தோண்டினாள். மண் வந்தது. அடுத்த சுவரைத் தோண்டினாள். அங்கேயும் மண்தான்.

"இல்லாததை நான் எப்படிக் காட்டுவேன்!" என்று கதறினாள்.

"அம்மா!" என்றது குட்டி. அதன்பின் அதன் சத்தம் கேட்கவில்லை.

பன்றி வளை முழுவதையும் முட்டிக் கிளறிப் பார்த்தது. "நிஜமாகவே இல்லை போலிருக்கிறது" என்று முனகியபடி சுண்டனின் வளையைப் பார்க்க நடந்தது.

இருப்பதை யாரும் கண்டுபிடிக்காதபடி மறைக்கக் கற்றவரால், இல்லாததை இல்லையென்று யாரையும் நம்பவைக்க முடியாது.